பன்சலையில் வரிசையாக இருக்கும் 28 சிலைகள் யாருடையவை?





வெசாக் நெருங்குகிறது. சந்தியில் தோரணத்துக்கு மூங்கில் இறங்கத் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு வருடமும் இந்த நாட்களில் எமது பிள்ளைகள் வகுப்பில் கேட்கும் ஒரு கேள்வி இருக்கிறது. பன்சலையின் அரச மரத்தைச் சுற்றி ஒரே மாதிரியான சிறு புத்தர் சிலைகள் வரிசையாக இருக்கின்றனவே, அவை ஏன் அத்தனை? எண்ணிப் பார்த்த பிள்ளை 28 என்று சரியாகச் சொல்லும். அதற்குப் பெரியவர்களிடமிருந்து வீட்டில் கிடைக்கும் பதில்தான் கவலைக்குரியது. "அவர்களுக்கு 28 கடவுள்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அதே வசனம் வட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றுகிறது, சில வேளை கேலியோடு.

அது பிழையான தகவல். நூற்றாண்டுகளாக ஒரே சந்தையில் வாங்கி விற்று, ஒரே பஸ்ஸில் போய் வரும் மக்களைப் பற்றி இவ்வளவு அடிப்படையான ஒன்றைப் பிழையாக வைத்திருப்பது எமக்கு அழகில்லை. ஆகவே இந்தப் பதிவு கொஞ்சம் நீளமாகத்தான் வரும். பொறுமையாக வாசியுங்கள். பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டலாம்.

முதலில் ஒரு விடயம். 'புத்தர்' என்பது ஒருவருடைய பெயர் அல்ல. விழித்தவர், உண்மையை அறிந்தவர் என்ற பொருளுடைய பட்டம் அது. நாம் பாடப்புத்தகத்தில் படிக்கும் சித்தார்த்த கௌதமர் அந்தப் பட்டத்துக்குரிய ஒருவர். பௌத்த மரபின்படி அவர் முதலாமவரும் இல்லை, கடைசியானவரும் இல்லை. காலம் மிக நீண்டது. உலகங்கள் தோன்றி அழிந்து மீண்டும் தோன்றுகின்றன. அந்த நீண்ட காலத்தில் எப்போதாவது ஒருவர் உண்மையைக் கண்டறிந்து பிறருக்குப் போதிக்கிறார். காலப்போக்கில் போதனை மறக்கப்படுகிறது, பின்னர் ஒருவர் மீண்டும் அதையே கண்டறிகிறார். கௌதம புத்தரே தன்னைப் பற்றிச் சொல்ல ஓர் உவமையைப் பயன்படுத்தியதாக பாளி நூல்கள் கூறுகின்றன. காட்டில் அலையும் ஒருவன் பழங்கால மனிதர்கள் நடந்த பாதை ஒன்றைக் காண்கிறான். அதன் வழியே போனால் பாழடைந்த பழைய நகரம் ஒன்று தெரிகிறது. அவன் போய் அரசனிடம் சொல்ல, அந்த நகரம் மீண்டும் குடியேற்றப்படுகிறது. புதுப் பாதை போட்டதாக அவர் உரிமை கோரவில்லை, பழைய பாதையைக் கண்டுபிடித்ததாகவே சொல்கிறார்.

அந்தப் பழைய பாதையில் முன்னர் நடந்தவர்கள்தான் இந்தச் சிலைகளில் இருப்பவர்கள். பெரும்பாலான பௌத்தர்கள் இவர்களை உலகைப் படைத்த கடவுள்களாகக் கருதுவதில்லை. மனிதராகப் பிறந்து, முயன்று, அடைந்து, இறந்து போனவர்கள் என்றே நம்புகிறார்கள்.

எண்ணிக்கை எப்போதும் 28 ஆக இருக்கவில்லை. பழைய நூல்களில் ஏழு பேர்தான். தீக நிகாயத்தில் உள்ள மகாபதான சூத்திரம் அவர்களை வரிசைப்படுத்துகிறது: விபஸ்ஸி, சிகி, வெஸ்ஸபூ, ககுசந்த, கோணாகமன, காசியப, கௌதம. விபஸ்ஸி 91 கல்பங்களுக்கு முன்னர் தோன்றினாராம். சிகியும் வெஸ்ஸபூவும் 31 கல்பங்களுக்கு முன்னர். மற்ற நால்வரும் நாம் வாழும் இதே கல்பத்தில். அடுத்து வந்த புத்தவம்சம் என்ற நூல் தீபங்கர புத்தரிலிருந்து தொடங்கி 24 பேரின் கதையைச் சொல்லி, கௌதமரை 25 ஆவது ஆளாக நிறுத்துகிறது. தீபங்கரருக்கு முன்னர் இருந்ததாகப் பெயர் மட்டும் சொல்லப்படும் மூவரையும் சேர்த்தால் 28. சிங்கள மக்கள் 'அடவிசி புது' என்று சொல்வது இந்த 28 பேரைத்தான். பட்டியல் காலப்போக்கில் வளர்ந்தது என்பதை ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள். அதே கங்கைச் சமவெளியில் சமணர்களும் தமக்கு 24 தீர்த்தங்கரர்கள் என்று எண்ணினார்கள், மகாவீரர் அவர்களில் கடைசி. பெரிய ஆசான் ஒருவர் தனியாக வருவதில்லை, நீண்ட வரிசை ஒன்றில் வருகிறார் என்ற எண்ணம் அந்த நிலத்தில் பொதுவாக இருந்திருக்கிறது.

மகாபதான சூத்திரத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு சுயவிபரக் கோவை போலவே தகவல் இருக்கிறது. சாதி, கோத்திரம், ஆயுள், மரம், பிரதான சீடர் இருவர், தாய் தந்தை, பிறந்த நகரம் எல்லாம் உண்டு. ஆயுள் மட்டும் எமக்கு மலைப்பாக இருக்கும். விபஸ்ஸியின் காலத்தில் மனித ஆயுள் 80,000 வருடம். பிறகு 70,000, 60,000, 40,000, 30,000, 20,000 என்று இறங்கி, கௌதமர் காலத்தில் 100 வருடம்தான், அதுவும் கிடைத்தால். பிள்ளைகள் இதைக் கேட்டு சிரிப்பார்கள். நூஹ் நபி அலைஹிஸ்ஸலாம் தமது சமூகத்தில் 950 வருடம் தங்கியிருந்தார்கள் என்பதை நாம் ஈமானோடு வாசிக்கிறோம் என்பதை அந்த இடத்தில் நினைவூட்டினால் போதும், சிரிப்பு நின்றுவிடும். அடுத்தவரின் நம்பிக்கையை நாம் ஏற்கத் தேவையில்லை, ஆனால் வகுப்பறையில் மரியாதையோடு கேட்கப் பழக வேண்டும்.

மரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு புத்தரும் ஒவ்வொரு மரத்தடியில் ஞானம் பெற்றார் என்பது நம்பிக்கை. விபஸ்ஸிக்கு பாதிரி, வெஸ்ஸபூவுக்கு சால மரம், ககுசந்தருக்கு வாகை, கோணாகமனருக்கு அத்தி, காசியபருக்கு ஆல், கௌதமருக்கு அரசு. சிலைகள் எல்லாம் ஒரே முகமாக இருப்பதால் பெயர்ப்பலகையும் மரமும்தான் அடையாளம்.

இனி தோரணத்தில் நாம் அடிக்கடி காணும் கதை. அமராவதி என்ற நகரில் சுமேதர் என்ற செல்வந்த பிராமண இளைஞர். பெற்றோர் இறந்ததும் ஏழு தலைமுறைச் சொத்தையும் பார்த்து, இதை யாரும் கூடவே கொண்டுபோகவில்லையே என்று எண்ணி, எல்லாவற்றையும் தானம் செய்துவிட்டு இமயமலைக்குப் போய்த் துறவியாகிறார். ஒரு நாள் ரம்ம நகரத்து மக்கள் பாதை திருத்திக்கொண்டிருப்பதைக் காண்கிறார். தீபங்கர புத்தர் வருகிறார் என்று சொல்கிறார்கள். அவரும் ஒரு துண்டுப் பாதையைப் பொறுப்பேற்கிறார். வேலை முடியவில்லை, புத்தர் வந்துவிடுகிறார். சேறு இன்னும் இருக்கிறது. சுமேதர் தன் சடைமுடியை அவிழ்த்து விரித்து, சேற்றில் குப்புறப் படுத்து, என் மேலே நடந்து போங்கள் என்கிறார். தீபங்கரர் நின்று, இவர் எதிர்காலத்தில் கௌதமர் என்ற பெயரில் புத்தராவார் என்று முன்னறிவிக்கிறார். அதற்குப் பிறகு வந்த 23 புத்தர்களும் ஒவ்வொரு பிறவியிலும் அதே முன்னறிவிப்பைக் கொடுத்தார்கள். இதைத்தான் 'சுவிசி விவரணய' என்று கண்டிக் காலத்து விகாரைச் சுவர்களில் வரிசை வரிசையாக வரைந்திருக்கிறார்கள். சுமேதர் கௌதமராக வருவதற்கு எடுத்த காலம் நான்கு அசங்கியமும் ஒரு இலட்சம் கல்பமும். 'சாராசங்க்ய கல்ப லக்ஷய' என்று பணைகளில் ஹாமதுருமார் சொல்வது ஒலிபெருக்கியில் எமது வீடுகளுக்கும் கேட்கும், அது இந்தக் காலக் கணக்குத்தான்.

எமக்கு இதைவிடப் பிடித்த கதை இன்னொன்று. மஜ்ஜிம நிகாயத்தில் 81 ஆவது சூத்திரமாக வரும் கடிகாரர் என்ற குயவரின் கதை. தோரணங்களில் அவ்வளவாகக் காணக் கிடைப்பதில்லை. காசியப புத்தர் காலத்தில் வெபலிங்க என்ற ஊரில் நடப்பது.

கடிகாரர் தாழ்ந்த குலம் என்று கருதப்பட்ட குயவர். தாய் தந்தை இருவரும் முதியவர்கள், கண் தெரியாதவர்கள். அவர்களைக் காப்பாற்றுவது இவர்தான். இவர் மண்வெட்டியாலோ கையாலோ நிலத்தைத் தோண்டுவதில்லை, உயிர்கள் சாகும் என்ற பயம். ஆற்றங்கரை இடிந்து விழுந்த மண்ணையும் எலி தோண்டிப் போட்ட மண்ணையும் காவடியில் சுமந்து வந்து பானை செய்வார். செய்த பானையை வெளியே வைத்துவிட்டு, விரும்பியவர் அரிசியோ பயறோ கடலையோ வைத்துவிட்டு விரும்பியதை எடுத்துப் போங்கள் என்பார். விலை பேசுவதில்லை. வியாபாரக் குடும்பங்களில் பிறந்த எமக்கு இந்த இடம் கொஞ்சம் நின்று யோசிக்க வைக்கும்.

அவருக்கு ஜோதிபாலன் என்று ஒரு பிராமண நண்பர். கடிகாரர் அவரைப் பார்த்து, பக்கத்தில்தான் காசியபர் இருக்கிறார், வா போய்ப் பார்ப்போம் என்கிறார். அந்த மொட்டைத் தலைத் துறவியைப் பார்த்து என்ன பிரயோசனம் என்று ஜோதிபாலன் மறுக்கிறார். மூன்று தடவை கேட்டும் அதே பதில். சரி, குளிக்கவாவது வா என்று ஆற்றுக்கு அழைத்துப் போய், அங்கே வைத்து மறுபடியும் கேட்கிறார். மறுக்கிறார். இடுப்புப் பட்டியைப் பிடித்து இழுக்கிறார். அவிழ்த்துவிட்டு மறுக்கிறார். கடைசியில் கழுவிய தலைமுடியைப் பிடித்து இழுத்தபடி, பக்கத்தில்தானே, வாயேன் என்கிறார். ஒரு குயவன் ஒரு பிராமணனின் தலைமுடியைப் பிடிப்பது அந்தச் சமூகத்தில் நினைத்தும் பார்க்க முடியாத செயல். ஜோதிபாலன் திகைத்து, இவன் இவ்வளவு தூரம் போகிறான் என்றால் இது சாதாரண விடயமாக இருக்காது என்று எண்ணிப் போகிறார். போய்க் கேட்டவர் துறவியாகிவிடுகிறார். நீயும் ஏன் துறவியாகவில்லை என்று நண்பர் கேட்டபோது கடிகாரர் சொன்ன பதில், கண் தெரியாத என் தாய் தந்தையை யார் பார்ப்பது என்பதுதான்.

கதை அதோடு முடியவில்லை. காசியின் அரசன் கிகி, மழைக்காலம் முழுவதும் தன்னிடம் தங்கும்படி காசியபரை அழைக்கிறான். ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டேன் என்கிறார் அவர். என்னைவிடப் பெரிய உபாசகன் யார் என்று அரசன் வருத்தத்தோடு கேட்கிறான். காசியபர் அந்தக் குயவரைப் பற்றிச் சொல்கிறார். ஒருமுறை தன் குடில் ஒழுகியது. கடிகாரர் வீட்டில் வேய்வதற்குப் புல் இருக்கிறதா என்று பிக்குகளை அனுப்பினார். தனியாகப் புல் இல்லை, கூரையில்தான் இருக்கிறது. அதையே எடுத்து வாருங்கள் என்றார். கூரையைப் பிரிப்பது யார் என்று உள்ளே இருந்த முதியவர்கள் கேட்க, காசியபரின் குடில் ஒழுகுகிறது என்று பிக்குகள் சொல்ல, எடுத்துப் போங்கள் என்றார்கள். வேலைக்குப் போயிருந்த கடிகாரர் வந்து, என்மேல் இவ்வளவு உரிமை வைத்திருக்கிறாரே என்று மகிழ்ந்தார். அந்த மகிழ்ச்சி அரை மாதம் அவரை விட்டுப் போகவில்லையாம். மூன்று மாதம் வானமே கூரையாக இருந்தும் அந்த வீட்டுக்குள் மழை பெய்யவில்லை என்கிறது சூத்திரம். இதைக் கேட்ட அரசன் 500 வண்டி அரிசி அனுப்புகிறான். கடிகாரர், அரசருக்கு வேலைகள் அதிகம், இது அவரிடமே இருக்கட்டும் என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்.

கடைசியில் கௌதம புத்தர் ஆனந்தரிடம் சொல்கிறார்: அன்றைய ஜோதிபாலன் நான்தான். கவனியுங்கள், குயவர் இல்லை. மொட்டைத் தலையன் என்று இகழ்ந்த, சாதிப் பெருமை கொண்ட இளைஞன்தான் அவர். ஞானம் பெறுவதற்கு முன் கௌதமர் ஆறு வருடம் கடும் தவத்தில் வாடியது அந்த ஒரு வார்த்தையின் பலன் என்று இன்னொரு பழைய நூல் சொல்கிறது. ஒரு மரபு தன் பெரிய ஆசானைப் பற்றி இப்படியும் எழுதி வைத்திருக்கிறது என்பது எம்மை மிகவும் கவர்ந்த விடயம்.

முன்னைய புத்தர்களைப் பற்றி விநய நூலில் ஒரு உரையாடல் உண்டு, ஆசிரியர்களுக்கு மிகவும் பொருந்தும். சாரிபுத்தர் கேட்கிறார்: சில புத்தர்களின் போதனை நீண்டகாலம் நின்றது, சிலருடையது சீக்கிரம் மறைந்தது, ஏன்? விபஸ்ஸி, சிகி, வெஸ்ஸபூ மூவரும் விரிவாகப் போதிக்கவில்லை, ஒழுக்க விதிகளையும் வகுக்கவில்லை, ஆகவே அவர்களும் நேரடிச் சீடர்களும் போனதும் எல்லாம் போய்விட்டது என்பது பதில். பலகையில் நூலில் கோக்காமல் வைத்த பூக்களைக் காற்று அள்ளிப் போவது போல. ககுசந்தர், கோணாகமனர், காசியபர் மூவரும் கோத்து வைத்தார்கள், ஆகவே நின்றது. உடனே சாரிபுத்தர், அப்படியானால் நீங்களும் விதிகளை வகுத்துவிடுங்கள் என்கிறார். பொறு, தேவை வரும்போது செய்யப்படும் என்கிறார் புத்தர். யமாமா போரில் ஹாபிழ்கள் பலர் ஷஹீதானபோது உமர் ரழியல்லாஹு அன்ஹு அவர்கள் அபூபக்ர் ரழியல்லாஹு அன்ஹு அவர்களிடம் போய்க் குர்ஆனை ஒன்றுதிரட்டும்படி வற்புறுத்தியதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. மறந்துபோய்விடுமோ என்ற பயம் எல்லாச் சமூகங்களுக்கும் பொதுவானது.

போயா தினத்துக்கும் இதில் ஒரு தொடர்பு. முன்னைய புத்தர்கள் எத்தனை நாளுக்கு ஒருமுறை போயா அனுஷ்டித்தார்கள் என்று ஆனந்தர் கேட்டதாக தம்மபத உரை கூறுகிறது. விபஸ்ஸி ஏழு வருடத்துக்கு ஒருமுறை. சிகியும் வெஸ்ஸபூவும் ஆறு வருடத்துக்கு ஒருமுறை. அடுத்த இருவர் வருடத்துக்கு ஒருமுறை, காசியபர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஆயுள் குறையக் குறைய நினைவூட்டலும் அடிக்கடி தேவைப்பட்டது போலும். நாள் வேறாக இருந்தாலும் அன்று சொல்லப்பட்ட அறிவுரை எல்லோருக்கும் ஒன்றே என்பதுதான் அந்த உரையின் கருத்து.

சரி, இவை எல்லாம் நம்பிக்கை. வரலாறு எங்கே?

காசியபரோ கோணாகமனரோ உண்மையில் வாழ்ந்ததற்கு வரலாற்று ஆதாரம் கிடையாது. ஆனால் அவர்கள் மீதான நம்பிக்கைக்கு மிகப் பழைய ஆதாரம் இருக்கிறது, அதுவும் கல்லில். நேபாளத்தில் லும்பினிக்கு அருகே நிகாலி சாகர் என்ற குளக்கரையில் அசோகரின் உடைந்த தூண் ஒன்று கிடக்கிறது. முடிசூடி 14 வருடம் ஆனபோது கோணாகமன புத்தரின் தூபியை இரண்டு மடங்காகப் பெருப்பித்ததாகவும், 20 வருடம் ஆனபோது தானே நேரில் வந்து வழிபட்டுத் தூணை நிறுத்தியதாகவும் பிராமி எழுத்தில் அது சொல்கிறது. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. அதாவது அசோகர் பெருப்பிப்பதற்கு முன்னரே அங்கு ஒரு தூபி இருந்திருக்கிறது, மக்கள் வழிபட்டிருக்கிறார்கள்.

இந்தத் தூணை 1895 இல் உலகுக்கு அறிவித்தவர் ஃபியூரர் என்ற ஜேர்மன் ஆய்வாளர். தூணோடு நின்றிருக்கலாம். கோணாகமனரின் தூபியையே கண்டேன் என்று விரிவான வர்ணனையும் எழுதினார். பிறகு பார்த்தால் அது கனிங்ஹாம் சாஞ்சிப் பகுதித் தூபிகளைப் பற்றி முன்னர் எழுதியதிலிருந்து எடுத்த வர்ணனை. பர்மாவில் ஒரு பிக்குவுக்குப் போலிப் புனிதச் சின்னங்களைக் கொடுத்த விவகாரமும் வெளியாகி, 1898 இல் பதவி இழந்தார். உயர்தரத்தில் வரலாறு படிக்கும் பிள்ளைகள் இந்த ஃபியூரர் கதையைத் தேடி வாசியுங்கள். ஒரு கல்வெட்டு உண்மையாக இருக்கும்போதே அதைச் சுற்றிப் பொய்யும் எழுதப்படலாம்.

அடுத்த ஆதாரம் மத்திய இந்தியாவின் பாரூட். 1873 இல் கனிங்ஹாம் கண்டெடுத்த அந்தத் தூபியின் கல் வேலி இப்போது கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் மரமும் ஆசனமும் செதுக்கி, இது விபஸ்ஸியின் போதி, இது காசியபரின் போதி என்று பெயரும் வெட்டியிருக்கிறார்கள். முன்னைய புத்தர்கள் ஐவரின் பெயர் கிடைத்திருக்கிறது. மனித உருவில் புத்தர் இல்லை, மரம் மட்டுமே. 28 சிலைகளின் மிகப் பழைய வடிவம் சிலையே இல்லாதது.

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத்திலிருந்து வந்த பாஹியன், சிராவஸ்தி, கபிலவஸ்து பகுதிகளில் இந்த மூன்று புத்தர்களும் பிறந்த ஊர்கள் என்று காட்டப்பட்ட இடங்களையும் தூபிகளையும் கண்டு எழுதினார். அவர் எழுதிய இன்னொன்று வியப்பானது. கௌதமருக்கு எதிராகப் பிரிந்து போன தேவதத்தனின் வழிவந்தவர்கள் அப்போதும் இருந்தார்கள். அவர்கள் முன்னைய மூன்று புத்தர்களுக்கும் காணிக்கை செலுத்துவார்கள், கௌதமருக்குச் செலுத்த மாட்டார்கள். ஆயிரம் வருடத்துக்குக் கிட்டப் போன பிளவு. இதே பாஹியன்தான் பிறகு அநுராதபுரத்தில் இரண்டு வருடம் தங்கியவர்.

தமிழுக்கும் இதில் பங்கு உண்டு. புத்தவம்ச நூலுக்கு உரை எழுதியவர் சோழ நாட்டு புத்ததத்த தேரர் என்பது மரபு. காவிரிப்பூம்பட்டினத்து விகாரையில் இருந்து எழுதினார் என்கிறார்கள். 'மதுரத்தவிலாசினி' என்பது அந்த உரையின் பெயர். அடவிசி புது வரிசையைப் பற்றி இன்று சிங்கள பிக்குமார் விளக்கம் தேடும்போது திறக்கும் நூல் ஒரு தமிழ் நாட்டவர் எழுதியது. இரு பக்கத்திலும் பலருக்கு இது தெரியாது.

இப்போது இலங்கைக்கு வருவோம். இந்தப் பதிவை எழுத முக்கிய காரணமும் இதுதான்.

மகாவம்சத்தின் 15 ஆவது அத்தியாயத்தில், மஹிந்த தேரர் தேவநம்பியதீசனுக்கு ஒரு கதை சொல்கிறார். இந்தக் கல்பத்தின் முன்னைய மூன்று புத்தர்களும் இந்தத் தீவுக்கு வந்தார்களாம். ககுசந்தர் காலத்தில் தீவின் பெயர் ஓஜதீபம், தலைநகர் அபயநகரம், அரசன் அபயன். மக்கள் ஒரு காய்ச்சல் நோயால் மடிந்துகொண்டிருந்தார்கள், அவர் வந்ததும் நோய் நீங்கியது. கோணாகமனர் காலத்தில் வரதீபம், வட்டமானம், அரசன் சமித்தன். அப்போது வரட்சி, அவர் வந்ததும் மழை. காசியபர் காலத்தில் மண்டதீபம், விசாலம், அரசன் ஜயந்தன். அப்போது அரசனுக்கும் அவன் தம்பிக்கும் இடையே யுத்தம், அவர் வந்து நிறுத்தினார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு பொருளை விட்டுச் சென்றார்கள்: நீர்ப் பாத்திரம், இடுப்புக் கச்சை, குளிப்பு ஆடை. ஒவ்வொருவரின் மரத்திலிருந்தும் ஒரு கிளை பிக்குணி ஒருவரால் கொண்டுவரப்பட்டது. இன்று மிஹிந்தலையில் நாம் காணும் குன்றுதான் அவர்கள் இறங்கிய இடம், பெயர் மட்டும் ஒவ்வொரு காலத்திலும் வேறு என்று தீபவம்சம் சொல்கிறது.

இதை எப்படி வாசிப்பது? 2014 அளுத்கம, 2018 திகன, 2019 ஏப்ரலுக்குப் பிறகு நடந்தவை, 2020 இல் தமிழரோ முஸ்லிமோ ஒருவர்கூட இல்லாமல் நியமிக்கப்பட்ட கிழக்கு மாகாணத் தொல்பொருள் செயலணி, இவற்றின் பின்னர் 'யார் முதலில் வந்தது' என்ற சண்டை முகநூலில் ஓயவே இல்லை. அதில் சிலர் இந்த அத்தியாயத்தையும் காணி உறுதி போல நீட்டுகிறார்கள். எமது பக்கத்தில் சிலர் பதிலுக்கு, எல்லாம் கட்டுக்கதை என்று ஏசுகிறார்கள். இரண்டு வாசிப்பும் நூலுக்குச் செய்யும் அநியாயம்.

மகாவம்சம் ஐந்தாம் நூற்றாண்டளவில் அநுராதபுர மகாவிகாரையில் எழுதப்பட்டது. அந்த அத்தியாயத்தில் மஹிந்தர் ஒவ்வொரு இடமாக நின்று பூத் தூவுகிறார். இது போதி நிற்கும் இடம், இது தூபாராமம் எழும் இடம், முன்னைய புத்தர்கள் காலத்திலும் இப்படியே இருந்தது என்று சொல்கிறார். நோக்கம் ஒரு வளாகத்தின் புனிதத்தைக் காலத்தின் ஆதிவரை கொண்டுபோவது. எந்த இனத்துக்கும் நிலத்தை எழுதிக் கொடுப்பது அதன் வேலை இல்லை. அதே நூலின்படி காசியபர் காலத்து ஜயந்தனும் அவன் குடிமக்களும் விஜயனுக்கு எத்தனையோ காலம் முந்தியவர்கள், இன்றைய எந்த இனத்தோடும் அவர்களை நூல் தொடர்புபடுத்தவில்லை. கௌதமர் முதன்முதல் வந்தபோது இங்கே இருந்தவர்கள் இயக்கர்கள் என்றும் அதே நூல்தான் சொல்கிறது. உறுதிப்பத்திரமாக இதை நீட்டுபவர் அத்தியாயத்தை முழுதாக வாசிக்கவில்லை.

எமது கையிலும் இதேபோன்ற ஒன்று இருப்பதை மறக்கக் கூடாது. முதல் மனிதர் ஆதம் அலைஹிஸ்ஸலாம் இறங்கியது இந்தத் தீவில்தான், பாவாத மலையில்தான் என்று பெருமையாகச் சொல்கிறோம். குர்ஆனில் இடம் குறிப்பிடப்படவில்லை. தபரீ போன்ற பழைய வரலாற்றாசிரியர்கள் பதிந்த அறிவிப்புகளில் ஸரந்தீப் வருகிறது. அந்த நம்பிக்கையோடு இப்னு பதூதா 1344 இல் மலையேறினார். அது அழகான மரபு, எமது முன்னோர் இந்த மண்ணை எவ்வளவு நேசித்தார்கள் என்பதைக் காட்டுகிறது. ஆனால் அதை வைத்து நாமே இங்கு மூத்த குடி என்று வாதாடினால், ககுசந்தரை வைத்து வாதாடுபவரிடமிருந்து எமக்கு என்ன வித்தியாசம்?

இன்னொரு விடயமும் சொல்லியாக வேண்டும். குர்ஆனில் பெயர் சொல்லப்பட்ட நபிமார் 25 பேர், கௌதமர் 25 ஆவது புத்தர், ஆகவே இரண்டும் ஒன்று என்று ஒரு காணொளி சுற்றுகிறது. இது வெறும் எண் ஒற்றுமை. துல்கிஃப்ல் என்று குர்ஆனில் 2 இடங்களில் வரும் பெயர் கபிலவஸ்துவைக் குறிக்கிறது, அவரே புத்தர் என்று கடந்த நூற்றாண்டில் சிலர் எழுதினார்கள். எழுத்து ஒலிப்பை மட்டும் நம்பிய ஊகம் அது, பழைய முபஸ்ஸிர்கள் அப்படிச் சொல்லவில்லை. ஒவ்வொரு சமூகத்துக்கும் எச்சரிப்பவர் வந்தார் என்பதும், எல்லாத் தூதர்களின் வரலாறும் எமக்குச் சொல்லப்படவில்லை என்பதும் குர்ஆன் தரும் பொதுவான செய்தி. அதற்கு மேல் பெயர் ஒட்டும் அதிகாரம் எமக்கு இல்லை. வித்தியாசமும் பெரியது. நபிமாரை அல்லாஹ் அனுப்புகிறான், வஹீ இறங்குகிறது. புத்தர்களை எவரும் அனுப்பவில்லை, அவர்கள் தாமே கண்டறிகிறார்கள் என்பது பௌத்தம். இரண்டையும் குழைத்து ஒன்றாக்கினால் அவர்களுக்கும் மனம் நோகும், எமது அகீதாவும் குழம்பும்.

எமது பழைய உலமாக்கள் இதைவிட நிதானமாக இருந்தார்கள். 1153 இல் வபாத்தான ஷஹ்ரஸ்தானீ தமது அல்மிலல் வந்நிஹலில் புத்தர்களைப் பற்றித் தனியாக எழுதினார். அவர்கள் சொல்வது உண்மையானால் முஸ்லிம்கள் அறிந்தவர்களில் கிழ்ர் அவர்களைத்தான் அந்த வர்ணனை ஒத்திருக்கிறது என்ற கருத்தை வைத்தார். உறுதியாகவும் சொல்லவில்லை, ஏசவும் இல்லை. பதினான்காம் நூற்றாண்டில் பாரசீகத்தில் வஸீராக இருந்த ரஷீதுத்தீன் தமது உலக வரலாற்றில் புத்தரின் வாழ்க்கையை எழுதியபோது, கமலஸ்ரீ என்ற காஷ்மீர் பிக்குவைப் பக்கத்தில் வைத்துக் கேட்டு எழுதினார். பௌத்தத்தைப் பற்றி அறியப் பௌத்தரிடமே கேட்கும் அந்த வழக்கம் எமக்கு 700 வருடம் பழையது. எமது ஊரில் பன்சலைக்கும் பள்ளிவாசலுக்கும் இடையில் இருப்பது ஐந்து நிமிட நடை.

இந்த வருடம் தன்சலுக்குக் கிரிபத்தோ ஐஸ்கிறீமோ வாங்கப் பிள்ளைகள் போகும்போது தோரணத்தையும் கவனிக்கச் சொல்லுங்கள். சேற்றில் குப்புறப் படுத்திருக்கும் சடைமுடித் துறவி சுமேதர். மேலே நடக்கப் போகிறவர் தீபங்கரர். பக்கத்தில் எட்டுத் தாமரைப் பூவோடு நிற்கும் பெண் சுமித்தா, பிற்காலத்து யசோதரா. ஒலிபெருக்கியில் ஓடும் சிங்களக் கவி விளங்காவிட்டால் பக்கத்தில் நிற்கும் அங்கிளிடம் கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்வார். சில பன்சலைகளில் 28 பேருக்கு வெளியே, முடி தரித்து ஆபரணம் அணிந்த ஒரு சிலை தனியாக நிற்கும். அது மைத்திரி. இந்தக் கல்பத்தின் ஐந்தாவது, கடைசிப் புத்தராக வரப்போகிறவர் என்று நம்பப்படுபவர். இன்னும் புத்தராகவில்லை என்பதால்தான் அவருக்கு அரசகுமாரன் உடை, அதனால்தான் அவர் அந்தக் கணக்கில் சேரவில்லை.